தேசிங்கு ராசன் கதை

தேசிங்கு ராசன் கதை என்பது செஞ்சிக் கோட்டையைக் களமாகக் கொண்ட தமிழ்க் கதைப்பாடல் ஆகும். ஆற்காடு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போரிட்டு மடிந்த இளைஞன் தேசிங்கு இதன் தலைவன். அரசின் பார்வையில் கலகக்காரனாகக் கருதப்பட்ட ஒருவன் மக்களின் நாயகனாக மாறியமைக்கு இக்கதை தமிழில் ஒரு சிறந்த எடுத்துக்காட்டாகும்.

வரலாற்றுப் பின்னணி

தேசிங்கின் இயற்பெயர் தேஜ் சிங். இவர் புந்தேலா இராசபுத்திர மரபினர். இவருடைய தந்தை சொரூப் சிங், முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பால் செஞ்சிக் கோட்டையின் தலைவராக நியமிக்கப்பட்டவர். 1710-1712 காலப்பகுதியில் சொரூப் சிங்கின் படைகளுக்கும் கடலூர் புனித டேவிட் கோட்டையில் இருந்த ஆங்கிலேயருக்கும் இடையே மோதல்கள் நிகழ்ந்தன.

1714-இல் சொரூப் சிங் இறந்தபின் தேஜ் சிங் செஞ்சியின் பொறுப்பை ஏற்றார். நிலுவைத் தொகையைச் செலுத்துமாறு நவாப் சாதத்துல்லா கான் கேட்டதை அவர் ஏற்கவில்லை. 1714 அக்டோபரில் நிகழ்ந்த போரில் அவர் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 22 என்பர். அவர் செஞ்சியை ஆண்ட காலம் ஓராண்டுக்கும் குறைவே.

கதைச் சுருக்கம்

தில்லியில் எவராலும் அடக்க இயலாத குதிரையைச் சிறுவன் தேசிங்கு அடக்குவது கதையின் முதன்மையான நிகழ்வாகும். அவனுடைய உயிர்த்தோழன் இசுலாமியனான மோவுத்துக்காரன். தனது திருமணத்தின்போது போர்ச் செய்தியைக் கேட்டு, மணக்கோலத்துடன் புறப்பட்டு வந்து தோழனுக்காக உயிர் துறக்கிறான். போருக்குச் செல்லுமுன் தேசிங்கு விடைபெற வந்தபோது, சிங்கவரம் அரங்கநாதர் தடுக்கும் குறிப்பாக முகத்தைத் திருப்பிக் கொண்டார் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினார் என்றும், அவர் நினைவாகவே இராணிப்பேட்டை பெயர் பெற்றது என்றும் கூறுவர்.

வரலாற்றில் இது வரி நிலுவை தொடர்பான ஒரு சிறு போரே. ஆனால் கதைப்பாடல் பணத்தைப் பின்னுக்குத் தள்ளி, மானத்தையும் சமயம் கடந்த நட்பையும் முன்னிறுத்துகிறது.

பரவல்

பாடகர்களாலும் தெருக்கூத்துக் கலைஞர்களாலும் பரவிய இக்கதை பின்னர் பெரிய எழுத்துப் பதிப்பாக மலிவு விலையில் வெளியானது. எம். ஜி. ஆர். நடித்த ராஜா தேசிங்கு திரைப்படம் 1960-இல் வெளிவந்தது.

கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னாற்காடு மாவட்டம் 1993-இல் பிரிக்கப்பட்டது. அதன்பின் செஞ்சி விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ளது. 2025-இல் யுனெசுகோ உலக பாரம்பரியக் களமாக அறிவித்த 12 மராத்தியக் கோட்டைகளுள் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி மட்டுமே.