மகிழடிச் சத்தியம்: டார்வினியப் பார்வையும் வடசென்னை இலக்கியமும்

1856 ஜனவரியில் சார்லஸ் டார்வின் வால்டர் எலியட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். எலியட் அப்போது மதராஸ் ஆளுநரின் ஆலோசனைக் குழுவில் இருந்தவர். நாணயம், கல்வெட்டு, அமராவதிச் சிற்பம் என்று கண்டதையெல்லாம் திரட்டியவர். டார்வின் கேட்டது நாணயமோ சிற்பமோ அல்ல, இங்கே வீடுகளில் வளர்க்கும் புறா, கோழி இனங்களின் தோல்களை. எலியட் அனுப்பிவைத்தார். 1859-இல் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் இயலில், புறாக்களைப் பற்றிய பகுதியில், அவர் பெயர் நன்றியோடு பதிவாகியிருக்கிறது. புறா வளர்ப்பைப் பற்றிய பழைய கீழைத்தேய நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பையும் எலியட் வழியாகப் பெற்றதாக டார்வின் 1868-ஆம் ஆண்டு நூலில் எழுதுகிறார்.

அதே 1856-இல்தான், ஜூலை முதல் நாள், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. துறைமுகம் அப்போது இல்லை. நடுக்கடலில் நின்ற கப்பலுக்குச் சரக்கு போக வேண்டுமானால், கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏற்றி, குப்பத்து ஆட்கள் அலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ராயபுரம், காசிமேடு மொட்டைமாடிகளில் இன்றும் மரக்கூண்டு கட்டிப் புறா வளர்ப்பவர்கள் உண்டு. எந்தச் சேவலை எந்தப் பெட்டையோடு சேர்த்தால் குஞ்சு உயரப் பறக்கும், எது கர்ணம் அடிக்கும் என்று அவர்கள் பேசுவதைக் கேட்டவர்களுக்கு டார்வின் நூலின் முதல் இயல் புதிதாக இராது.

சென்னை, இப்படி, பரிணாமக் கொள்கைக்குச் சான்று கொடுத்த ஊர்களில் ஒன்று. கொள்கை தமிழுக்குத் திரும்பி வந்தபோது அதை நாம் எதற்குப் பயன்படுத்தினோம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடவுளோடும் சாதியோடும் வாதாடத் தமிழ் டார்வினைச் சிறப்பாகவே பயன்படுத்தியது. கதைகளிலும் காவியங்களிலும் மனிதர் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கேட்க அநேகமாகப் பயன்படுத்தவே இல்லை.

1878 முதல் 1888 வரை சென்னையில் இலௌகிக சங்கம் என்ற நாத்திக அமைப்பு இயங்கியது. இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா நடத்திய இயக்கத்தோடு அதற்குத் தொடர்பு இருந்தது. அதன் தமிழ் ஏடு ‘தத்துவ விவேசினி’, 1882 முதல் 1888 வரை வந்தது. வீ. அரசு அதைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்திராவிட்டால் தமிழ்ப் பகுத்தறிவின் வரலாறு இன்றும் 1925-இல் சுயமரியாதை இயக்கத்தோடு தொடங்குவதாகவே எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். அவ்வேட்டுக்கு அறிவியல் என்பது புராணப் படைப்புக் கதைக்கு எதிர்ச்சான்று. உயிர்கள் படிப்படியாகத் தோன்றின என்றால் முகத்தில் ஒருவன், காலில் ஒருவன் பிறந்த கதை என்ன ஆகும்? அக்காலத்துக்கு அது கேட்க வேண்டிய கேள்விதான்.

அடுத்த பெரிய பெயர் ம. சிங்காரவேலர். 1860-இல் அயோத்தியாகுப்பத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியவர், 1925 கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். இன்று துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1930-களில் ‘குடிஅரசு’ இதழிலும், 1935-இல் தாமே தொடங்கிய ‘புதுஉலகம்’ இதழிலும் பிரபஞ்சம், உயிர், மனம் பற்றியெல்லாம் அவர் எழுதிக் குவித்தார். டார்வினும் மார்க்ஸும் அவரிடம் தோளோடு தோள் நின்றார்கள். ஆனால் மனித சுபாவம் என்று மாறாத ஒன்று உண்டென ஒப்புக்கொண்டால், சாதியும் முதலாளித்துவமும்கூட அந்தச் சுபாவத்தின் விளைவே என்று எதிராளி சொல்லிவிடுவான். தொழிலாளர் தலைவர் ஒருவர் அந்த வாசலைத் திறந்துவைக்க விரும்பமாட்டார். மேலைநாட்டில் ஸ்பென்சரின் பெயரால் ஏழைகளை ‘பிழைக்கத் தகுதியற்றவர்’ என்று தள்ளிய கூட்டம் அப்போது பலமாக இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு வழக்கம் உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்ததைக் காட்டி, டார்வினுக்கு முன்பே தமிழன் பரிணாமத்தைச் சொல்லிவிட்டான் என்பார்கள். மேடைக்கு நல்லது, ஆய்வுக்கு ஆகாது. மரபியல் செய்வது வகைப்பாடு. ஒன்றிலிருந்து ஒன்று வழிவழியாக வந்தது என்று அது சொல்லவில்லை.

தொல்காப்பியத்தில் டார்வினோடு உண்மையிலேயே பேசக்கூடிய இடம் மெய்ப்பாட்டியல். 1872-இல் டார்வின், மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் விதம் பற்றி ஒரு தனிநூல் எழுதினார். அதற்காக உலகெங்கும் வினாப்பட்டியல் அனுப்பினார். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் ஜான் ஸ்காட் விரிவாகப் பதில் எழுதினார். இலங்கையிலிருந்தும் பதில்கள் போயின. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் தெரியும், அந்தத் தோற்றம் மாந்தர்க்குப் பொது என்பதே நூலின் வாதம். மெய்ப்பாட்டியலும் உணர்ச்சியை மெய்யில் படுவதாகவே காண்கிறது. நகை, அழுகை, அச்சம், வெகுளி, வியப்பு இரண்டு பட்டியலிலும் பொருந்துகின்றன. பால் எக்மன் வகுத்த ஆறு அடிப்படை உணர்ச்சிகளில் இல்லாத ஒன்று நம் எட்டில் இருக்கிறது: பெருமிதம். அது பிறக்கும் இடங்களுள் ஒன்றாகக் கொடையைத் தொல்காப்பியம் வைக்கிறது. தனக்கு நட்டம் வரும்படி கொடுப்பவன் அதனாலேயே தன் வலிமையைப் பிறர் நம்பும்படி காட்டுகிறான் என்று 1975-இல் அமோட்ஸ் ஸகாவி சொன்ன கருத்தை இதனோடு வைத்துப் படிக்கலாம். ஒன்று மற்றதை நிரூபிக்கிறது என்பதல்ல. இரண்டும் ஒரே நடத்தையைக் கவனித்திருக்கின்றன.

சிங்காரவேலர் எழுதிக்கொண்டிருந்த அதே ஊரில், அதே ஆண்டுகளில், 1934-இல், புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ வந்தது. மில்லில் வேலை பார்க்கும் அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் வண்டிக்காரக் கணவனுக்குப் பால் கஞ்சி வைக்கக் காசு தேடும் கதை. கற்பு பேசுவோர் முகத்தில் அறைந்த கதையாகவே அதைத் தொண்ணூறு ஆண்டுகளாகப் படிக்கிறோம். அதன் அடியில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. படுத்துவிட்ட துணையை விட்டுப்போகாமல், தன்னையே செலவிட்டுக் காப்பாற்றுகிறாள் அவள். நீண்டகாலத் துணையின் பிணைப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சித்திரம் தமிழில் குறைவு. சமூகம் கற்பு என்று எதைச் சொல்கிறதோ அதை மீறித்தான் அவள் அந்தப் பிணைப்பைக் காக்க முடிகிறது.

மனித நடத்தைக்கான பரிணாமக் கருவிகள் உருவானது பிறகுதான். 1964-இல் ஹாமில்டன், உறவினர்க்காகச் செய்யும் தியாகத்தை விளக்கினார். 1971-இல் ராபர்ட் டிரிவர்ஸ், உறவில்லாதவர் ஒருவருக்கொருவர் உதவுவதை விளக்கினார். 1972-இல் ஆணும் பெண்ணும் துணையைத் தேடும் விதம் ஏன் வேறுபடுகிறது என்று எழுதினார். இலக்கியத்துக்கு இவற்றைக் கொண்டுவந்தவர்கள் 1995-இல் ஜோசப் கேரல், 2009-இல் பிரையன் பாய்ட். பாய்ட் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று ஹோமரின் ஒடிசி. நாம் கையில் எடுக்க வேண்டியது சேக்கிழாரின் பெரியபுராணம், அதிலும் திருவொற்றியூரில் நடக்கும் கதை.

கதை தெரிந்ததுதான், ஆனால் அதன் நுணுக்கங்கள் முக்கியம். ஞாயிறு என்னும் ஊரில் பிறந்த சங்கிலியார், சிவனருள் பெற்றவருக்கே தன்னைத் தர வேண்டும் என்று சொல்லி, ஒற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கி இறைவனுக்கு மாலை தொடுக்கிறார். சுந்தரர் அவரைக் கண்டு, மணம் முடித்துத் தரும்படி இறைவனிடமே கேட்கிறார். இறைவன் சங்கிலியார் கனவில் வந்து சொல்ல, அவர் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தடையை எடுத்துவைக்கிறார்: சுந்தரர் திருவாரூரில் பரவையாரோடு மகிழ்ந்து வாழ்பவராயிற்றே. உன்னைப் பிரியேன் என்று அவர் சத்தியம் செய்வார் என்கிறார் இறைவன். சுந்தரரோ, தான் சத்தியம் செய்யும் நேரத்தில் கருவறையை விட்டுப் போய் மகிழ மரத்தடியில் இருக்கும்படி இறைவனிடம் வேண்டிக்கொள்கிறார். சாட்சி இல்லாத இடத்தில் செய்த சத்தியம் கட்டாது அல்லவா? சரி என்ற இறைவன், மறுபடியும் சங்கிலியார் கனவில் போய், சத்தியத்தை மகிழடியிலேயே கேள் என்கிறார். மறுநாள் தோழியர் அப்படியே கேட்க, தப்ப வழியின்றிச் சுந்தரர் மகிழடியில் சத்தியம் செய்கிறார். பின் தென்றல் வீசும் காலத்தில் ஆரூர் நினைவு வர, ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். கண் இரண்டும் போகின்றன.

டிரிவர்ஸ் படித்தவர்க்கு இதில் பாதி உடனே விளங்கும். இணைசேர்வதில் பெண்ணுக்கு இழப்பு அதிகம் என்பதால் அவள் கேட்பாள், விசாரிப்பாள், உறுதி வாங்குவாள். சங்கிலியாரின் முதல் கேள்வியே பரவையாரைப் பற்றியது. 1988-இல் ராபர்ட் ஃபிராங்க், மீறினால் இழப்பு வரும்படி தன்னைத் தானே கட்டிக்கொள்பவனைத்தான் மற்றவர் நம்புவார்கள் என்றார். மகிழடிச் சத்தியம் அந்தக் கட்டு. 2013-இல் அரா நோரன்சாயன், எங்கும் பார்க்கும் தெய்வம் மனிதரிடையே ஒத்துழைப்பை வளர்த்தது என்று வாதிட்டார். ஒற்றியூரில் அந்தத் தெய்வம் பார்க்கவும் செய்கிறது, கண்ணைப் பறிக்கவும் செய்கிறது.

மற்றப் பாதியில்தான் சேக்கிழார் இருக்கிறார். எந்தக் கோட்பாட்டிலும் காவல்தெய்வம் குற்றம் செய்யப்போகிறவனின் தோழனாக இருந்து, அவன் ஏமாற்ற உதவுவதாக ஒப்புக்கொண்டு, பிறகு அவனையே மாட்டிவிடுவதில்லை. கேட்கிற கூட்டம் சிரிப்பது அங்கேதான், உருகுவதும் அங்கேதான். கதையில் குழந்தைப் பேறு என்ற பேச்சே இல்லை என்பதும் டிரிவர்ஸின் கணக்குக்கு இடறல். ஆரூர் வந்த சுந்தரருக்குப் பரவையார் கதவடைக்க, அதே இறைவன் இருமுறை தூது நடக்கிறார். நடத்தையின் எலும்புக்கூட்டைப் பரிணாமம் காட்டுகிறது. நட்பும் நாடகமும் பக்தியும் சேர்ந்த சதை சேக்கிழாருடையது. மாசித் திருவிழாவில் மகிழடிச் சேவை இன்றும் ஒற்றியூரில் நடக்கிறது. அங்கே கூடும் கூட்டத்தை இழுப்பது எலும்புக்கூடு மட்டுமல்ல.

வடசென்னையைப் பற்றிய இன்றைய கதைகளுக்கு வந்தால், ஒரு தவறான டார்வினை முதலில் அப்புறப்படுத்த வேண்டியிருக்கிறது. கத்தி, சிறை, பழிவாங்கல் என்று இப்பகுதியைக் காட்டும் படங்கள் வந்ததும், ‘வலுத்தவன் பிழைப்பான், இதுதான் இயற்கை’ என்று விமர்சனம் எழுதிவிடுகிறோம். ‘வடசென்னை’ (2018) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கதையை நகர்த்துவது தனியொருவனின் வலு அல்ல. யார் யாருடைய ஆள், யார் யாரைக் காட்டிக்கொடுத்தான், கொல்லப்பட்ட கணவனுக்காகச் சந்திரா எத்தனை ஆண்டு காத்திருப்பாள் என்ற விசுவாசக் கணக்குகள். மார்ட்டின் டேலியும் மார்கோ வில்சனும் 1988-இல் கொலைகளை ஆராய்ந்து எழுதியதும் இதுவே: சட்டம் காக்காத இடத்தில், தொட்டால் விடமாட்டான் என்ற பெயரே ஒருவனுக்குக் காவல். இரத்தத்தில் ஊறிய வெறி என்று வடசென்னை ஆட்களைப் பற்றிச் சொல்வது உயிரியல் அல்ல, வெறும் சாதிப் பேச்சு.

அந்தக் கத்திக் கதைகளில் வராத வடசென்னை கழியில் இருக்கிறது. பழவேற்காட்டிலும் எண்ணூர்க் கழியிலும் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. நல்ல மீன் விழும் இடத்தில் இன்ன நாள் இன்னார் வலை என்று முறைவைத்து இறங்குவார்கள். வலுத்தவன் பிடித்துக்கொள்ள முடியாது. 1902-இல் குரோப்பட்கின் ‘பரஸ்பர உதவி’ நூலில் வாதிட்டதையும், பொதுச்சொத்தை மக்களே விதி வகுத்துக் காப்பதைப் பற்றி 1990-இல் எலினார் ஆஸ்ட்ரம் எழுதியதையும் இங்கே கண்ணால் பார்க்கலாம். இதையும் இனிப்பாக்கிவிடக் கூடாது. பழவேற்காட்டில் பாட்டுரிமை பட்டினவர் கிராமங்களுக்கென்று இருந்தது. வெளியே நிறுத்தப்பட்ட சாதியினர் பங்கு கேட்டு நெடுங்காலம் மோதியிருக்கிறார்கள். தன் குழுவுக்குள் தாராளமும் வெளியாருக்கு அடைத்த கதவும் ஒன்றாகவே வளர்ந்திருக்கலாம் என்று 2007-இல் சோயும் பவுல்ஸும் காட்டிய மாதிரி இதற்குப் பொருந்தும். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மீனவர்கள் முன்பின் தெரியாதவர்களைப் படகில் ஏற்றி மீட்டதற்கு அந்த மாதிரியில் இடமில்லை. நெய்தல் நாவல் எழுதுகிறவருக்கு இந்த மூன்றும், பாடும் விலக்கலும் மீட்பும், ஒரே மனிதனுக்குள் எப்படி இருக்கின்றன என்பதே பொருளாக வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து எண்ணூர்க் கழி ஆழம் குறைந்துவருகிறது. மீன் அற்றுப்போனால் முறையும் நிற்காது.

இந்தத் திறனாய்வு முறைக்கு வலுவான எதிர்ப்பும் உண்டு. 2011-இல் ஜோனதன் கிராம்னிக், கதை சொல்லுதல் ஒரு தகவமைப்பு என்பதற்கான சான்றுகள் போதாது என்று விரிவாக எழுதினார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு படைப்பு ஏன் நன்றாக இருக்கிறது என்பதற்கு இயற்கைத் தேர்விடம் பதில் கிடைக்காது. ‘பொன்னகர’த்தின் கடைசி வரிகள் ஏன் சுடுகின்றன என்பதற்குப் புதுமைப்பித்தனின் நடையைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கதை எதைப் பற்றியது, நூற்றாண்டுகள் கடந்தும் அது ஏன் நமக்குப் புரிகிறது என்ற கேள்விகளுக்கு மட்டும் பரிணாமப் பார்வை உதவும்.

தமிழ்த்துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டார்வினிய இலக்கியத் திறனாய்வு செய்யப் புறப்படுகிறவர்கள் கேரலிலிருந்து தொடங்கி ஒடிசியை மேற்கோள் காட்டி முடிக்க வேண்டாம். ‘தத்துவ விவேசினி’ தொகுதிகளும் சிங்காரவேலரின் அறிவியல் கட்டுரைகளும் அச்சில் வந்திருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு, தடுத்தாட்கொண்ட புராணத்தில் நிற்காமல் ஏயர்கோன் கலிக்காமர் புராணம் வரை சுந்தரரைத் தொடர்ந்து போங்கள். பிறகு எண்ணூர்க் குப்பங்களில் பாடு வைத்த பெரியவர்களிடம் போய், அவர்கள் சொல்லும் கதைகளை எழுதி வாங்குங்கள்.