திருகை கொத்தியவர்கள்



1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். 1893இல் தாமஸ் ஹாலந்து, கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லுக்குச் ‘சார்னோகைட்’ என்று பெயர் வைத்தார். கண்டெடுத்தவர் பெயர் இருக்கிறது. செத்தவர் பெயரும் இருக்கிறது. வெட்டியவர் பெயர் இல்லை. அவரைத் தேட நாம் வீட்டுத் திருகைக்குத்தான் போக வேண்டும்.

திருகை என்பது இரண்டு வட்டக் கற்கள். அடிக்கல் அசையாது, அதன் நடுவில் ஒரு முளை. மேல்கல்லின் நடுத்துளை அந்த முளையில் உட்காரும். துளையில் ஒரு கைப்பிடி கேழ்வரகைப் போட்டு, ஓரத்திலுள்ள பிடியைப் பற்றிச் சுற்றினால், தானியம் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்ந்தபடியே நொறுங்கி மாவாகச் சுற்றிலும் கொட்டும். அரைப்பது கல்லின் கனம் மட்டுமல்ல. அதன் முகத்தில் உளியால் போட்ட கொத்து. கொத்து மழுங்கினால் தானியம் வழுக்கும். கல் மென்மையாக இருந்தால் மாவில் மண் கடிபடும். அதனால்தான் இறுகிய கருங்கல்லைத் தேடினார்கள். கல் இறுக இறுகக் கொத்துகிறவரின் மணிக்கட்டுதான் தேயும்.

ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கோவை கிரைண்டரில் குழவி நிற்கும், கல் சுற்றும். பெண்களின் தோள் விடுபட்டது அந்தத் தலைகீழ் மாற்றத்தில்தான். “அம்மி கொத்தலியோ, ஆட்டுக்கல்லு கொத்தலியோ” என்று தாம்பரம், குரோம்பேட்டைத் தெருக்களில் நாம் கேட்ட குரல் ஓய்ந்ததும் அதே மாற்றத்தில்தான்.

கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறார்கள். அருந்ததியின் பெயரைத் தாங்கிய மக்களை மண்டபத்தில் எங்கே உட்காரவைத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அம்மியைக் கொத்தியவருக்கும் பந்தியில் இலை இல்லை.

கொத்தியவர்களில் பலர் போயர்கள். கர்நாடகத்தில் போவி என்ற பெயரில் பட்டியல் சாதி, இங்கே அப்படியில்லை. பட்டியலை வைத்து மட்டும் வரலாறு எழுதினால் இவர்கள் நம் கையிலிருந்தும் நழுவிவிடுவார்கள்.

திரிசூலம், பம்மல் குவாரிகள் பள்ளமாகிவிட்டன. 2017, 2019 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரிப் பள்ளத்துத் தண்ணீரைச் சென்னை குடித்தது. தோண்டியவர்களின் நெஞ்சில் தங்கியது கல்தூசி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிகோசிசை அறிவிக்க வேண்டிய நோய் என்றது. தெருவில் உளிப்பையோடு அலைந்தவருக்குத் தொழிற்சாலையும் இல்லை, முதலாளியும் இல்லை. சீட்டில் காசநோய் என்று எழுதிவிட்டால் இழப்பீட்டுப் பேச்சே எழாது.

இங்கே வந்திருக்கும் மாணவர்கள் தங்கள் தெருவில் பழைய கொத்துக்காரர் யாராவது இருந்தால் போய்ப் பாருங்கள். அவர் அனுமதித்தால் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை வருடம் உளி பிடித்தார், இருமல் எப்போது தொடங்கியது என்பதையும் கேட்டு எழுதி வாருங்கள்.