டெலி-மானஸ்

இந்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது, எண் 14416. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இதன் தலைமை மையம். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குகிறது.

இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மொழியைத் தேர்ந்தெடுத்ததும் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தூக்கமின்மை, தேர்வு பயம், கடன் நெருக்கடி, நாள்பட்ட நோய் தரும் சோர்வு என எதையும் சொல்லலாம். படுக்கையில் கிடக்கும் கணவரை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் மனைவி, தனக்கென்று எந்த நோயும் இல்லாவிட்டாலும், தாராளமாக அழைக்கலாம். இப்படிப்பட்டவர்கள்தாம் பெரும்பாலும் தயங்குகிறார்கள். தேவைப்பட்டால் ஆலோசகரே மனநல மருத்துவரிடம் இணைப்பு தருவார். நேரில் சிகிச்சை வேண்டுமென்றால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ வழிகாட்டுவார்.