பத்து யானைகளும் ஓர் ஆளும்

பாட்டி சர்க்கஸ் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. ஐம்பதுகளில், அவருக்குப் பத்து வயது இருக்கும்போது, தேயிலை ஏற்றும் லாரியில் தோட்டத்துப் பிள்ளைகளோடு தாப்பாவுக்கு இறங்கிப் போய்ப் பார்த்தது. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்குப் போகும் பழைய சாலையின் வளைவுகளில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்களாம். கூடாரத்துக்குள் ஒரு யானை, அதன் மேல் மினுமினுக்கும் உடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்.

"எல்லாரும் அவளத்தான் வாயப் பொளந்து பாத்தாங்க. நான் கீழ நின்ன ஆளப் பாத்தேன். முக்காலி மேல ஏற மாட்டேன்னு யானை நின்னுச்சு. அவன் யாருக்கும் கேக்காத மாதிரி, 'ஏய், ஏறுடி'ன்னான். ஏறிடுச்சு. அந்த யானைக்குத் தமிழ் தெரியும்டா!"

இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் பாட்டி ஒரே மாதிரிதான் முடிப்பார்: "யாரு வீட்டுப் புள்ளையோ."

நான் படித்தது இயந்திரப் பொறியியல், அதுவும் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில். வரலாறு என் துறை இல்லை. அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பி. டி. பார்னமைப் பற்றி 2017இல் ஒரு படம் வந்தது. பாட்டு நன்றாக இருந்தது, கதை ரொம்பவே இனித்தது. சந்தேகம் வந்து அவருடைய சுயசரிதையைத் தேடிப் படித்தேன். படித்துக்கொண்டே போனால் நடுவில் இலங்கை வருகிறது.

விஷயம் இதுதான். 1850 மே மாதம் நியூயார்க்கிலிருந்து 'ரெகாட்டா' என்ற கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அனுப்பியவர்கள் பார்னமும் அவருடைய கூட்டாளிகள் இருவரும். பன்னிரண்டு யானைகளாவது வேண்டும், விலைக்குக் கிடைத்தால் வாங்கு, கிடைக்காவிட்டால் பிடி என்பது உத்தரவு. திரும்பும் வழியில் தீவனத்துக்காக ஐந்நூறு டன் வைக்கோலைச் செயின்ட் ஹெலினா தீவில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். கொழும்பிலும் கண்டியிலும் போதுமான யானைகள் விலைக்குக் கிடைக்கவில்லை. அதனால் 160 உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு உள்காட்டுக்குப் போனார்கள். அனுராதபுரம் பக்கம் பழக்கிய யானைகளின் உதவியோடு காட்டு யானைகளை மரவேலிப் பட்டிக்குள் விரட்டினார்கள். டாப்ஸ்லிப்பிலும் முதுமலையிலும் இப்போதும் 'கரால்' என்கிறார்களே, அந்த மாதிரிப் பட்டி. பிடிபட்டவற்றில் பத்து யானைகள் 1851இல் உயிரோடு நியூயார்க் போய்ச் சேர்ந்தன. அவற்றை இரண்டிரண்டாக ஒரு தேரில் பூட்டி பிராட்வே வீதியில் ஊர்வலம் விட்டார்கள்.

பார்னம் சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது. ஓர் அடிமைப் பெண்ணை 161 வயதுக்காரி, ஜார்ஜ் வாஷிங்டனை வளர்த்த ஆயா என்று காட்டிக் காசு பார்த்த மனிதர். ஆனால் யானைகள் வந்தது பொய்யில்லை. பத்திரிகைகள் எழுதின, ஊரே வேடிக்கை பார்த்தது.

தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு யானை நாளைக்கு நூறு லிட்டர் தண்ணீர் குடிக்கும் என்று வைப்போம். பத்து யானை, நான்கு மாதப் பயணம் என்றால் 1,20,000 லிட்டர். தண்ணீர் மட்டுமே 120 டன். சரி, அதைப் பீப்பாயில் நிரப்பிவிடலாம். சாணி? பாதி வளர்ந்த யானைகள் என்றாலும் பத்துக்கும் சேர்த்து நாளைக்கு அரை டன்னுக்குக் குறையாது. அதை அள்ளிக் கடலில் கொட்ட வேண்டும். புயலில் கப்பல் சாயும்போது பத்தையும் அமைதிப்படுத்த வேண்டும். இதையெல்லாம் யார் செய்தது?

அதற்குப் பார்னமின் பதில் ஒரே வரி. யானைகளை அடக்கி மேய்க்கத் தெரிந்த ஒரு சுதேசியும் கூட வந்தான் என்கிறார். அவ்வளவுதான். கப்பலுக்குப் பெயர் இருக்கிறது, கேப்டனுக்குப் பெயர் இருக்கிறது, இரண்டு ஏஜெண்டுகளுக்கும் இருக்கிறது. இவன் வெறும் 'ஒரு சுதேசி'. சிங்களவனா, தமிழனா, சோனகனா என்றுகூட அந்த வரியில் இல்லை.

அவனைத் தமிழ் பேசுகிறவனாக்கிவிட எனக்கு ஆசைதான். ஆதாரம் மாதிரி ஒன்றும் கையில் இருக்கிறது. அதே காலத்தில் இலங்கை அரசாங்கத்தில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட், 1859இல் வெளியிட்ட நூலில் யானை பிடிப்பவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர் வியந்து சொல்வது பணிக்கர்களை. இவர்கள் வட பகுதிச் சோனகக் கிராமங்களைச் சேர்ந்த முஸ்லிம்கள், வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். துப்பாக்கி இல்லை, பட்டி இல்லை. தோல் கயிறு ஒன்றோடு இருவராகக் காட்டு யானையின் பின்னால் பதுங்கிப் போய், பின்னங்காலில் சுருக்கை மாட்டி, மறுமுனையை மரத்தில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்களாம். இந்தியாவுக்கு யானை விற்கும் வியாபாரமும் பெரும்பாலும் சோனகர்கள் கையில்தான் இருந்தது. ஆனாலும் இதை வைத்து அந்த ஆள் பணிக்கர்தான் என்று எழுதினால் அது என் ஆசையே தவிர வரலாறு இல்லை.

சரி, அவன் நம்ம ஆளாகவே இருந்தாலும் அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? பிடிபட்டவற்றில் ஆறு மாதக் குட்டி ஒன்று இருந்தது. பின்னால் டாம் தம்ப் என்ற குள்ள மனிதரை முதுகில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய குட்டி யானை என்று விளம்பரம் வந்ததே, அது. பட்டி கட்ட மரம் வெட்டியவர்களும், பறையடித்து யானைகளை விரட்டியவர்களும், சுருக்குப் போட்டவர்களும் அந்த 160 பேர்தான்.

இன்னொன்றும் உண்டு. அனுராதபுரக் காட்டை ஒட்டித்தான் மன்னாரிலிருந்து மாத்தளைக்குப் போகும் வடக்குப் பாதை. 1840களில் காப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஆட்கள் நடந்த பாதை அது. காலராவிலும் பசியிலும் எத்தனையோ பேர் அதில் விழுந்தார்கள். பிழைத்துப் போனவர்கள் மலையேறி என்ன செய்தார்கள்? காட்டை வெட்டினார்கள். யானை நின்ற இடத்தில் காப்பி நட்டார்கள். அரசாங்கமோ யானையின் தலைக்குச் சில ஷில்லிங் சன்மானம் அறிவித்திருந்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என்று டென்னன்ட் கணக்குச் சொல்கிறார். மேஜர் ராஜர்ஸ் என்ற அதிகாரி தனி ஆளாக 1,400க்கு மேல் சுட்டாராம். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் இருக்கும் அவர் கல்லறை மேலும் இடி விழுந்துகொண்டே இருக்கும் என்று அங்கே ஒரு பேச்சு. நம்பவில்லை, ஆனால் பிடித்திருக்கிறது.

அமெரிக்காவுக்கு முதல் யானை போனது இதற்கெல்லாம் அரை நூற்றாண்டுக்கு முன்னால். 1796 ஏப்ரலில் ஜேக்கப் கிரௌனின்ஷீல்ட் என்ற கப்பல்காரர் கல்கத்தாவிலிருந்து ஒரு குட்டியை நியூயார்க்கில் இறக்கினார். 450 டாலருக்கு வாங்கியது பத்தாயிரத்துக்கு விலைபோனதாகச் சொல்வார்கள். அந்தக் கப்பலின் நாட்குறிப்பில் யானைக்குக் கீரை ஏற்றிய விவரம்கூட இருக்கிறது. எழுதியவர் நாவலாசிரியர் நத்தானியேல் ஹாதார்னின் அப்பா. பிறகு ஹக்கலையா பெய்லி என்ற விவசாயியிடம் 'ஓல்ட் பெட்' வந்தது. காசு கொடுக்காமல் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஊர்விட்டு ஊர் இரவில்தான் அதை நடத்திப் போவார்கள். 1816இல் மெய்ன் மாநிலத்தில் யாரோ சுட்டுக் கொன்றார்கள். பெய்லியின் ஊரான சோமர்ஸில் அதற்குத் தூண் வைத்துச் சிலை இருக்கிறது.

ஆரம்பத்தில் யானையைச் சும்மா காட்டினாலே கூட்டம் வந்தது. நூற்றாண்டின் பிற்பாதியில் அது போதவில்லை. ஊருக்கு ஊர் சர்க்கஸ், ஒவ்வொன்றிலும் யானை. இனி யானை ஏதாவது செய்தாக வேண்டும்: தலைகீழாக நிற்க, பீப்பாய் மேல் நடக்க, மேசையில் உட்கார்ந்து சாப்பிட. எப்படிச் செய்ய வைத்தார்கள் என்று படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கொடுமை மட்டும் காரணமில்லை. அந்தக் கருவி எனக்குத் தெரியும். பின்னங்கால்களில் கயிறு கட்டி, அதை மேலே உத்தரத்தில் மாட்டிய கப்பி வழியாக இழுத்து, யானையின் பின்பக்கத்தை அந்தரத்தில் தூக்குவார்கள். தலை தரையில், கண் எதிரே சுவர். பிளிறும், போராடும், அடங்கும். இறக்குவார்கள், தின்னக் கொடுப்பார்கள். மறுநாள் மறுபடியும். வாரங்கள் கழித்துக் கயிறு வேண்டியதில்லை, அங்குசம் லேசாகத் தொட்டால் போதும். நாலு கப்பி போட்டால் எடையில் நாலில் ஒரு பங்கு விசைதான் தேவை என்று முதல் வருடத்தில் படித்தோம். நான் வேலை செய்யும் இடத்தில் மோட்டாரைக் கழற்ற வாரம் ஒருமுறை செயின் பிளாக் இழுக்கிறேன். அதே தத்துவம்.

நம்மூர் முறை மென்மையானது என்றும் சொல்ல மாட்டேன். கராலில் அடைத்துப் பட்டினி போட்டுத்தான் இங்கும் பழக்கினார்கள். ஒரு வித்தியாசம் உண்டு: பாகன் அந்த யானையோடுதான் கிழவனாவான். நம் பஹாங்கில் கோலா கண்டாவில் காட்டு யானைகளை இடம் மாற்ற, அஸ்ஸாமில் பழகிய யானைகளைத்தான் கொண்டுவந்தார்கள். யானையைத் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்துக்கு ஆள் அனுப்பித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவும் அனுப்பியது. ஆனால் வித்தை வந்து சேர்ந்ததும் மேடையில் 'புரொபசர்' பட்டத்தோடு வேறொருவர் வந்து நின்றார்.

இதில் ஈஃப் தாம்சனைச் சொல்லாமல் விட முடியாது. மிச்சிகனில் பிறந்த கறுப்பர். 1880களில் ஆடம் ஃபோர்பா சர்க்கஸில் யானை பழக்கினார். தும்பிக்கையில் கையுறை மாட்டிக் குத்துச்சண்டை போடும் யானை, அதற்கு அந்நாளைய சாம்பியன் ஜான் எல். சல்லிவனின் பெயர். ஊரே பேசிய அந்த ஆட்டத்தைப் பழக்கியவர் தாம்சன். போஸ்டரில் யானை வித்தகராக ஜொலித்தது முதலாளியின் மகன். தாம்சன் பொறுத்துப் பார்த்துவிட்டு ஐரோப்பாவுக்குப் போய், சொந்த யானைகளோடு சொந்தப் பெயரில் ஆடினார். அதனால்தான் அவர் பெயராவது நமக்குத் தெரிகிறது.

அதே ஃபோர்பா இன்னொரு குட்டியைக் கள்ளத்தனமாக இறக்கி, அமெரிக்காவில் பிறந்த முதல் யானை என்று அறிவித்தார். டாப்ஸி. அதைப் பொய் என்று போட்டுடைத்தவர், வேடிக்கையைப் பாருங்கள், பார்னம். அந்த டாப்ஸியைத்தான் 1903 ஜனவரி 4ஆம் தேதி கோனி தீவில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். எடிசன் கம்பெனி படம் பிடித்தது. இணையத்தில் கிடைக்கும், நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

ரெகாட்டாவில் வந்த பத்துக்குத் திரும்புகிறேன். நாலு வருடம் ஆசியக் கேரவன் என்ற பெயரில் சுற்றிவிட்டு எல்லாவற்றையும் விற்றார் பார்னம், ஒரு யானையைத் தவிர. அதைத் தன் ஊரான பிரிட்ஜ்போர்ட்டில் ஏரில் பூட்டினார். நிலம் ரயில் பாதையை ஒட்டியிருந்தது. யானைக்காரனுக்குக் கீழ்த்திசை உடை மாட்டி, கையில் ரயில் அட்டவணையைக் கொடுத்து, வண்டி வரும் நேரம் பார்த்து மட்டும் உழச் சொன்னார். ஆறு ஏக்கர் நிலம், அறுபது தடவையாவது உழுதிருப்போம் என்கிறார். பார்த்த விவசாயிகள் யானையால் உழுதால் கட்டுப்படியாகுமா என்று கடிதம் போட்டார்கள். ஆகாது என்று ரகசியமாகப் பதில் அனுப்பினாராம். அது உழவில்லை, விளம்பரம்.

இதைப் படித்த இரவு எனக்குக் கண்ணில் நின்றது யானை இல்லை. ஜரிகை உடையில், தனக்குப் புரியாத பாஷையில் அச்சடித்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, பனிக்காற்றில் ரயிலுக்காகக் காத்து நிற்கும் ஓர் ஆள்.

கேமரன் மலையில் தேயிலை 1929இல் தொடங்கியது. ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் இடம் வாங்கினார். இலங்கைத் தோட்டங்களில் தேர்ந்த மில்னே கூட நின்றார். இந்த இரண்டு பெயரும் சுற்றுலாப் பலகையிலும் இருக்கிறது, புத்தகத்திலும் இருக்கிறது. சரிவில் காட்டை வெட்டியவர்களுக்குச் செக்ரோல் எண் இருந்தது. பாட்டியின் அப்பா நாமக்கல் பக்கமிருந்து வந்தவர். சேர்ந்த அன்று அவருக்குக் கிடைத்தது ஓர் எண்ணும் ஒரு கம்பளியும் என்பது பாட்டி வாய்மொழி. அந்த எண் பாட்டிக்கு இன்னும் மனப்பாடம்.

போன தீபாவளிக்கு மேலே போயிருந்தபோது இந்தக் கதையைப் பாட்டியிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"நம்ம ஆளா?"

"எழுதல பாட்டி."

"பேரு?"

"அதுவும் எழுதல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. காம்புகளைத் தனியாக ஒதுக்கினார்.

"அங்க குளிருமா?"

"நம்ம குளிரெல்லாம் ஒன்னுமே இல்ல. பனி கொட்டும்."

"கம்பளி குடுத்தாங்களாமா?"