கித்தாவும் கண்ணாடி இழையும்



தோட்டத்தில் ரப்பர் மரத்தைக் கித்தா மரம் என்கிறோம். மரத்துப் பாலைக் குறிக்கும் ‘கெத்தா’ என்ற மலாய்ச் சொல்தான் நம் வாயில் கித்தா ஆயிற்று. வெள்ளைக்காரர்களும் அதே சொல்லை எடுத்துக்கொண்டு ‘கட்டா பெர்ச்சா’ என்றார்கள். ஆனால் அவர்கள் சொன்னது ரப்பரை அல்ல. ரப்பர் வருவதற்கு முன்பே இந்தக் காடுகளில் இருந்த தாபான் மரத்தின் பாலை.

அந்தப் பால் இறுகினால் வெந்நீரில் இளகும், ஆறினால் கெட்டிப்படும். கடல்நீர் அதை அரிக்காது. மின்சாரம் அதன் வழியே கசியாது. 1843இல் சிங்கப்பூரிலிருந்து வில்லியம் மான்ட்கோமரி என்னும் மருத்துவர் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். சில ஆண்டுகளில், கடலடியில் போடும் தந்திக் கம்பிகளுக்கு அதுவே உறையாயிற்று. 1870இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போட்ட கம்பிக்கும் இதுதான் உறை. நம் முன்னோர் கப்பலில் நாட்கணக்கில் தத்தளித்து வந்த அதே கடலை, செய்தி மட்டும் ஒரே நாளில் கடந்தது.

கித்தாவைப் போலத் தினமும் சீவிப் பாலெடுக்கத் தாபான் இடம் தராது. மரத்தையே வெட்டிச் சாய்த்துத்தான் எடுத்தார்கள். சில பத்தாண்டுகளில் பெரிய தாபான் மரங்கள் அரிதாகிவிட்டன. தந்தியின் வரலாற்றைப் பெருமையோடு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப்போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தந்திக்குப் பின் தொலைபேசி வந்தது. 1956இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் தொலைபேசிக் கம்பியில் ஒரே நேரத்தில் 36 பேச்சுகளே போக முடிந்தது. அன்றைய செம்புக் கம்பியின் அளவு அவ்வளவுதான். மின்சாரத்துக்குப் பதில் ஒளியைக் கொண்டு செய்தி அனுப்பினால் எத்தனையோ மடங்கு அனுப்பலாம் என்று பொறியாளர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் ஒளியை எதன் வழியே அனுப்புவது?

இங்கேதான் சார்ல்ஸ் காவோ வருகிறார். 1933இல் ஷாங்ஹாயில் பிறந்த சீனர். ஹாங்காங்கில் படித்து லண்டன் சென்றவர். 1957இல் மின்பொறியியல் பட்டம் பெற்றார். பெரிய பல்கலைக்கழக வளாகத்தில் அல்ல, வுல்விச் தொழிற்கல்லூரியில். பிறகு ஹார்லோ நகரில் ஒரு தொலைபேசிக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. சம்பள வேலையை விடாமலே லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்து, 1965இல் அதைப் பெற்றார்.

முதற்பட்டத்தில் ஒருவர் பிறர் கண்டறிந்ததைக் கற்கிறார். அதற்குமேல் ஆய்வுப் படிப்பு என்றால், இன்னும் விடை தெரியாத ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்கார வேண்டும். காவோ எடுத்துக்கொண்ட கேள்வி மிக எளிமையானது.

கண்ணாடி இழையில் ஒளியை விட்டால், அது பக்கச் சுவரில் பட்டுப் பட்டு உள்ளேயே திரும்பி, வளைந்த இழையிலும் ஓடும். இது முன்பே தெரிந்ததுதான். ஆனால் அன்றைய கண்ணாடியில் 20 மீட்டர் போவதற்குள் 100 பங்கு ஒளியில் ஒரு பங்குதான் மிஞ்சியது. கண்ணாடியின் குணமே அதுதான் என்று பலர் கைவிட்டார்கள். காவோ கேட்டார்: ஒளியை விழுங்குவது கண்ணாடியா, அல்லது கண்ணாடியில் கலந்த அழுக்கா?

வீட்டு ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை, கை வெட்டாமல் பிடித்து, அதன் ஓரத்தைப் பாருங்கள். பச்சையாகத் தெரியும். அது கண்ணாடியின் நிறமல்ல. அதில் கலந்திருக்கும் இரும்பின் நிறம். காவோ அளந்து பார்த்துக் கண்டதும் இதைத்தான். ஒளியைத் தின்றவை பெரும்பாலும் இரும்பு போன்ற கலப்புகளே.

1966இல் அவரும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கலப்பை நீக்கினால், 1 கிலோமீட்டர் கடந்த பின்னும் அந்த நூற்றில் ஒரு பங்கு மிஞ்சும். தொலைபேசிக்கு அது போதும் என்றார்கள். பலர் நம்பவில்லை. காவோ நாடு நாடாகச் சென்று, கண்ணாடி செய்பவர்களிடமும் ஆய்வுக்கூடங்களிலும் வாதாடினார். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனியில் மூவர் அந்த அளவைத் தாண்டிய இழையை இழுத்துக் காட்டினார்கள். 1988இல் அட்லாண்டிக்கின் அடியில் முதல் கண்ணாடி இழைக் கம்பி போடப்பட்டது. இன்றைய நல்ல இழையில் ஒளி நூற்றில் ஒரு பங்காகக் குறைய 100 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

கார்னிங்கில் இழை உருவான அதே 1970இல் காவோ ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று மின்னணுவியல் துறையைத் தொடங்கினார். 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் மறதி நோய் அவரைப் பிடித்திருந்தது. ஸ்டாக்ஹோமில் அவர் ஆற்ற வேண்டிய உரையை, அவரைப் போலவே பொறியாளரான அவர் மனைவி வாசித்தார். காவோ 2018இல் மறைந்தார்.