விருப்பமின்றி வந்தவர், வெகுநாள் நிலைத்தவர்

திரையுலக வம்சங்கள்: லயனல் பாரிமோர்

மூன்று தலைமுறையாக ஒரே தொழில் நடந்து வரும் வீட்டில் பிறந்த குழந்தையிடம், உனக்கு என்னவாக விருப்பம் என்று எவரும் கேட்பதில்லை. தச்சன் வீட்டுப் பிள்ளையின் கையில் உளி தானாக வந்து சேர்வதுபோல், அமெரிக்க நாடக உலகில் பாரிமோர் வீட்டுப் பிள்ளைகளின் முகத்தில் அரிதாரம் தானாக வந்து ஏறிற்று. அந்த வீட்டின் மூத்த புதல்வரான லயனல் பாரிமோர் அதைத் துடைத்துக்கொண்டு ஓடிவிடப் பலமுறை பிரயாசைப்பட்டவர். ஆயினும், மௌனப் படங்களின் பால பருவத்தில் திரையில் பிரவேசித்து, பேசும் படங்கள் வந்து, வர்ணப் படங்களும் வந்த பிறகும் விலகாமல், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் இருநூற்றுக்கு மேற்பட்ட படங்களில் தோன்றி, காமிராவின் முன் வெகுகாலம் நிலைத்து நின்றவரும் அவரே. இந்த முரண்பாடே அவருடைய சரித்திரத்தின் ஸ்வாரஸ்யம்.

வம்சத்தின் மூலவேர் பாட்டியார் லூயிசா லேன் ட்ரூ. பிலடெல்பியா நகரத்தில் ஆர்ச் வீதி நாடகசாலையை 1861 முதல் 1892 வரை முப்பத்தோராண்டு காலம் தாமே நிர்வகித்து வந்த அந்த அம்மையார், நடிகர்களின் நடை உடை பேச்சு யாவற்றிலும் கண்டிப்பு மிகுந்தவர். நாடகத்தொழிலைக் கண்ணியமான தொழிலென்று நகரத்துப் பெரிய மனிதர்கள் ஒப்புக்கொள்ளும்படி செய்தவர். அவருடைய புதல்வி ஜார்ஜியானா, ஹாஸ்ய வேஷங்களில் பெயர் பெற்ற நடிகை. ஜார்ஜியானாவை மணந்த மாரிஸ் பாரிமோர் நம் நாட்டில் பிறந்தவர் என்பது வாசகர்களுக்கு வியப்பாயிருக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியில் நில அளவை உத்தியோகம் பார்த்த ஓர் ஆங்கிலேயரின் மகனாக 1849-இல் இந்திய மண்ணில் ஜனித்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஹெர்பர்ட் பிளைத். மகன் கூத்தாடியானான் என்ற அபவாதம் தந்தையைச் சேரக்கூடாதே என்று, பழைய நடிகர் ஒருவரின் பெயரிலிருந்து ‘பாரிமோர்’ என்பதை எடுத்துச் சூட்டிக்கொண்டார். பிறகு அமெரிக்க ரஸிகர்கள் மரியாதையோடு உச்சரித்தது அந்த இரவல் பெயரைத்தான்.

1878-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி பிலடெல்பியாவில் லயனல் பிறந்தார். அடுத்த ஆண்டில் தங்கை எதெலும், 1882-இல் தம்பி ஜானும் பிறந்தார்கள். தாய் தந்தை இருவரும் ஊர் ஊராக நாடகம் ஆடித் திரிந்தபடியால் குழந்தைகள் பாட்டியின் ஆதரவிலேயே வளர்ந்தார்கள். 1893-இல் தாயார் க்ஷய ரோகத்தால் மாண்டார். தந்தையோ பிற்காலத்தில் சித்தம் கலங்கி 1905-இல் காலமானார். தாயை இழந்த அந்த ஆண்டிலேதான் பதினைந்து பிராயத்து லயனலைப் பாட்டியார் தம் கம்பெனியில் சேர்த்து, ஷெரிடன் எழுதிய ‘தி ரைவல்ஸ்’ நாடகத்தில் வண்டிக்காரன் தாமஸ் என்னும் சின்னஞ்சிறு வேஷத்தைக் கொடுத்தார். பையனின் நடிப்பைப் பார்த்த மாத்திரத்தில், வயது முதிர்ந்தவர் ஏற்க வேண்டிய வேஷத்தை உனக்குக் கொடுத்தது எங்கள் பிழையே என்று சாதுர்யமாக ஒரு கடிதம் எழுதிவிட்டு, அந்தக் காட்சியையே நாடகத்திலிருந்து நீக்கிவிட்டார். வேறு பையனாயிருந்தால் அழுதிருப்பான். லயனலுக்கோ பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்ததாம். அவருடைய மனம் முழுவதும் சித்திரக்கலையில் லயித்திருந்தது.

ஆனால் சித்திரம் சோறு போடவில்லை. குடும்பத்தின் பெயரோ நாடகக் கொட்டகையின் கதவை எப்போது வேண்டுமானாலும் திறந்துவிடத் தயாராக இருந்தது. ஆகவே சில ஆண்டுகள் நியூயார்க் மேடைகளில் நடித்து ஓரளவு நற்பெயரும் சம்பாதித்த லயனல், 1906-ஆம் ஆண்டு வாக்கில் எல்லாவற்றையும் உதறிவிட்டு, தங்கை எதெலின் பண உதவியோடு மனைவியை அழைத்துக்கொண்டு சித்திரம் பயிலப் பாரிஸுக்குப் புறப்பட்டார். அங்கே கழித்த சுமார் மூன்றாண்டுகளே தம் இஷ்டப்படி வாழ்ந்த காலம் என்று சொல்லத்தக்கவை. 1909-இல் கையில் பணமில்லாமல் திரும்பி வந்தபோது, வெறுத்து விட்டுப்போன மேடையைத் தவிர அவருக்கு வேறு புகலிடம் இல்லை.

இந்த இக்கட்டான சமயத்திலேதான் திரைப்படம் அவருக்குக் கைகொடுத்தது. அக்காலத்தில் பெயர் பெற்ற நாடக நடிகர்கள் சினிமாவைச் சந்தைக் காட்சியென்று இகழ்ந்தார்கள். வயிற்றுக்கொடுமையால் அதில் நடிக்க நேர்ந்தவர்களும் வெளியில் சொல்லாமல் மறைத்தார்கள். குலப்பெருமையை அவ்வளவாகப் பொருட்படுத்தாத லயனலுக்கு அந்தக் கூச்சம் இல்லை. 1911-ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க்கில் பயோகிராஃப் ஸ்தாபனத்தில் டைரக்டர் டி. டபிள்யூ. கிரிஃபித்தை அண்டி, கொடுத்த வேஷத்தைப் போட்டார். கூட்டத்தில் ஒருவராகவும் நின்றார். 1912-இல் வெளிவந்த ‘தி நியூயார்க் ஹாட்’ என்னும் சிறு படத்தில், தாயற்ற ஏழைப் பெண்ணுக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்து ஊர்வாயில் அகப்பட்டுக்கொள்ளும் பாதிரியாராக மேரி பிக்ஃபோர்டுடன் நடித்திருக்கிறார். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி கையை வீசிக் கத்தும் மேடை வழக்கம் காமிராவுக்கு ஆகாது என்பதையும், அருகிலிருந்து பார்க்கும் அந்த ஒற்றைக் கண்ணுக்குப் புருவத்தின் சிறு நெளிவே போதும் என்பதையும், சகோதரர் இருவருக்கும் முன்பாகவே அவர் அங்கே கற்றுக்கொண்டார். முகத்தின் கோடுகளைக் கூர்ந்து நோக்கும் சித்திரக்காரரின் பழக்கமும் இதற்கு உதவியிருக்க வேண்டும்.

மேடையிலும் அவருக்கு ஒரு பொற்காலம் வந்தது. 1918-இல் ‘தி காப்பர்ஹெட்’ நாடகத்தில், ஊராரின் தூஷணத்தை ஆயுள் முழுவதும் மௌனமாகத் தாங்கும் தேசபக்தனாக நடித்துப் பெருங்கீர்த்தி அடைந்தார்; 1919-இல் ‘தி ஜெஸ்ட்’ நாடகத்தில் தம்பி ஜானோடு சேர்ந்து தோன்றியபோது நியூயார்க் நகரமே திரண்டது. ஆனால் 1921-இல் ‘மாக்பெத்’ வேஷத்தில் அவர் அடைந்த தோல்வியும் அதே அளவுக்குப் பிரசித்தமானது. அதன் பிறகு மேடையில் பற்று குறைந்து, 1925-ஆம் ஆண்டோடு பிராட்வேக்கு விடைகொடுத்துவிட்டு, மறு ஆண்டில் ஹாலிவுட்டில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் ஸ்தாபனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். இறுதிக் காலம் வரையில் அதுவே அவருக்கு இரண்டாவது வீடு.

படங்கள் பேசத் தொடங்கியபோது, பல மௌனப் பட நட்சத்திரங்கள் தங்கள் குரலைக் கேட்டு நடுங்கிய சமயத்தில், பாட்டியாரின் கண்டிப்பில் பழகிய நாவுக்கு மதிப்பு உயர்ந்தது. 1929-இல் ‘மேடம் எக்ஸ்’ முதலிய படங்களை அவர் டைரக்ட் செய்தார். 1931-இல் வெளியான ‘எ ஃப்ரீ ஸோல்’ படத்தில் குடிப்பழக்கத்தால் சீரழிந்த ஒரு பெரிய வக்கீலாக நடித்தார். தம் மகளின் வாழ்வு கெட்டதற்குத் தாமே பொறுப்பாளி என்று நீதிமன்றத்தில் ஜூரிகளின் முன் நெஞ்சுருகப் பேசி, பேச்சின் முடிவில் அவ்விடத்திலேயே சரிந்து மாண்டுபோகும் காட்சி அதில் உச்சம். நார்மா ஷீரரும் கிளார்க் கேபிளும் முன்னிலை வகித்த அப்படத்தில், சிறந்த நடிகருக்கான அகாதெமிப் பரிசு ஐம்பத்து மூன்று பிராயத்து லயனலுக்கே கிடைத்தது.

1932-இல் ‘கிராண்ட் ஹோட்டல்’ வந்தது. கிரேட்டா கார்போவும் ஜோன் கிராஃபோர்டும் ஜான் பாரிமோரும் ஜொலித்த அந்த ஹோட்டலில், சாகப்போகிறோம் என்று தெரிந்து, சேர்த்துவைத்த காசையெல்லாம் சில நாள் சுகத்துக்காகச் செலவிட வந்த ஏழைக் கணக்குப்பிள்ளையாக லயனல் தோன்றினார். அவ்வாண்டு இறுதியில் வெளிவந்த ‘ரஸ்புடின் அண்ட் தி எம்ப்ரஸ்’ ஒன்றுதான் லயனலும் எதெலும் ஜானும் சேர்ந்து கதாபாத்திரங்களாக நடித்த ஒரே படம்: மகாராணி எதெல், ரஸ்புடின் லயனல், அவனைக் கொல்லும் பிரபு ஜான். இப்படத்தில் தம்மைக் குறித்து அவதூறு இருப்பதாக ருஷியப் பிரபு குலத்து இரீனா யூஸூபோவ் லண்டனில் வழக்குத் தொடுத்து, 1934-இல் இருபத்தையாயிரம் பவுன் நஷ்டஈடு பெற்றார். ‘கதாபாத்திரங்கள் யாவும் கற்பனையே; எவரையும் குறிப்பிடுவன அல்ல’ என்று நம் ஊர்ப் படங்களிலும் தொடர்கதைகளிலும் காணும் எச்சரிக்கை வாசகம் உலகெங்கும் பரவியதற்கு இந்த வழக்கே முக்கிய காரணம் என்பர்.

சகோதரர் மூவரில் லயனலுக்கு மட்டுமே வாய்த்த ஒரு சௌகரியம் உண்டு. அழகுக்குப் பெயர் பெற்ற ஜானின் பக்கவாட்டு முகம் ஒரு மூலதனம். வயது ஏற ஏற அது கரைந்தே தீரும். லயனலின் முகமோ கரடுமுரடானது. முப்பதிலேயே கிழவனாக வேஷம் போட்டவர் ஐம்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ படத்தின் மீனவர் பெக்கட்டி, ‘தி டெவில் டால்’ படத்தில் கிழவி வேஷம் பூண்டு பழிவாங்கும் கைதி, ‘கமில்’ படத்தில் மகனை விட்டுவிடுமாறு கார்போவிடம் மன்றாடும் தந்தை, ‘காப்டன்ஸ் கரேஜியஸ்’ படத்தின் மீன்பிடி கப்பல் தலைவர் என்று, கதாநாயக ஸ்தானத்தை எதிர்பாராமல் கிடைத்த ஸ்தானத்தை நிறைத்துக்கொண்டே போனார்.

இந்நிலையில்தான் பேராபத்து வந்தது. 1936-இல் சித்திரம் வரையும் மேஜை ஒன்று மேலே சாய்ந்து அவருடைய இடுப்பெலும்பு முறிந்தது. அது முற்றிலும் கூடுவதற்குள், மறு ஆண்டில் படப்பிடிப்புத் தளத்தில் கிடந்த கேபிளில் கால் இடறி விழுந்து மறுபடியும் முறிந்தது. முன்பே வாட்டி வந்த மூட்டுவாதமும் சேர்ந்துகொண்டது. சரீரமே கருவியாயுள்ள தொழிலில் நடக்க இயலாதவனுக்கு என்ன வேலை? 1938-இல் ஃபிராங்க் காப்ரா, ‘யூ கான்ட் டேக் இட் வித் யூ’ படத்தில், மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விளையாடிக் காலை முறித்துக்கொண்ட குறும்புத் தாத்தா என்று கதையிலேயே ஒரு காரணத்தைச் சேர்த்து, ஊன்றுகோல்களோடு அவரை நடிக்க வைத்தார். அவ்வாண்டின் சிறந்த படம் என்ற பரிசு அதற்கே கிடைத்தது.

அதே ஆண்டில் ஊன்றுகோல்களும் போய்ச் சக்கர நாற்காலி வந்தது. மெட்ரோ கோல்ட்வின் மேயர் ஸ்தாபனத்தார் அந்த நாற்காலிக்கே ஒரு வேஷம் தேடினார்கள். ‘யங் டாக்டர் கில்டேர்’ படத்தில் இளம் வைத்தியரை அதட்டியும் அரவணைத்தும் ஆளாக்கும் டாக்டர் கில்லெஸ்பி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆஸ்பத்திரி முழுவதையும் ஆட்டிவைத்தார். கில்டேராக நடித்த லூ அயர்ஸ், 1942-இல் ஆயுதமேந்திப் போர்புரிய மனச்சாட்சி இடங்கொடாது என்று அறிவித்து வரிசையிலிருந்து விலகிய பின்பும் படங்கள் நிற்கவில்லை. குருவையே நாயகராக்கி 1947 வரை மொத்தம் பதினைந்து படங்கள் வெளிவந்தன. கால்கள் ஓய்ந்த பிறகு, கைவிரல்கள், புருவங்கள், கரகரத்த அந்தக் குரல் ஆகியவையே நடிப்பின் பாரம் முழுவதையும் சுமந்தன.

அதே நாற்காலி 1946-இல் காப்ராவின் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்தில் ஒரு கொடுங்கோலனின் சிம்மாசனமாக மாறிற்று. ஊரையே விலைக்கு வாங்கத் துடிக்கும் பாட்டர் என்னும் அந்தப் பணப்பேய், எதிரில் வந்து உட்காருபவருக்குத் தாழ்ந்த ஆசனத்தைப் போட்டுவிட்டுத் தான் உயரத்திலிருந்து பார்க்கிறது! வெளியான காலத்தில் எதிர்பார்த்த வசூல் பெறாத அப்படம், பிற்காலத்தில் டெலிவிஷனில் கிறிஸ்துமஸ்தோறும் காட்டப்பட்டு அமெரிக்க இல்லங்களில் நிலைபெற்றது. இன்று அநேகர் லயனலை அறிவது பாட்டராகவே. 1948-இல் ‘கீ லார்கோ’ படத்திலோ, தம் ஹோட்டலில் புகுந்த துஷ்டர்களின் பரிகாசம் பொறாத கிழவராக, நாற்காலியை விட்டு எழுந்து நின்று, வலுவற்ற கையை ஓங்கி, நிலைகுலைந்து விழுகிறார். பத்து ஆண்டுகளாக உட்கார்ந்தே பார்த்துப் பழகிய மனிதர் எழுந்ததைக் கண்ட ரஸிகர்களின் மனம் எப்படித் துடித்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

திரைக்கு வெளியே, டிக்கன்ஸின் கருமி ஸ்க்ரூஜ் வேஷத்தில் 1934 முதல் ஏறத்தாழ ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சமயத்தில் ரேடியோவில் அவர் பேசி வந்தார். 1936-இல் கிறிஸ்துமஸுக்கு முன்தினம் இரண்டாவது மனைவி ஐரீன் இறந்தபோது, தம்பி ஜான் அந்த வேஷத்தை ஏற்றுப் பேசினார். முதல் மனைவியிடம் பிறந்த பெண் குழந்தைகள் இருவரையும் முன்பே இழந்திருந்த லயனலுக்கு, அதன்பின் மிஞ்சியவை வேலையும் பழைய காதலாகிய சித்திரமுமே. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடும் சித்திரங்களில் தேர்ந்தவரென்று பெயர் எடுத்தார், சங்கீதம் இயற்றினார், 1942-இல் மாண்ட தம்பியின் நினைவாக அவர் இயற்றிய இசையைப் பிலடெல்பியா வாத்திய கோஷ்டியார் வாசித்தார்கள். தாம் பிறந்த ஊர், நடிகராக அல்லாமல் கலைஞராக அவரைக் கௌரவித்த சந்தர்ப்பம் அது.

1954-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி, எழுபத்தாறாம் பிராயத்தில் லயனல் காலமானார். மேதைமையில் ஜான் மிஞ்சியவர், கம்பீரத்தில் எதெல் மிஞ்சியவர் என்று அக்கால விமர்சகர்கள் சொல்லியிருக்கலாம். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆயினும் ஜான் தம் அழகையும் எதெல் மேடையின் பெருமையையும் காத்துக்கொள்ள வேண்டியவர்களாயிருந்தார்கள். லயனலுக்குக் காத்துக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. தொழிலை ஜீவனோபாயமாக மட்டுமே கருதியபடியால் சிறிய வேஷத்தைச் சிறுமையாக எண்ணவில்லை. முதுமையையும் ஊனத்தையும்கூடக் கூலிவேலைக்கு வந்த கருவிகளாக ஏற்றுக்கொண்டார். குலத்தொழிலில் நெடுநாள் நிலைப்பதற்கு அதன்மேல் மோகம் வேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதை அவருடைய நாற்பதாண்டுகள் மறுக்கின்றன. மோகம் மிகுந்திருந்த தம்பி ஜானின் கதை இதற்கு நேர் எதிரானது. அதை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)