கல்வராயன் மலைக்கு விடுதலை வந்த நாள்



இந்திய சுதந்திர தினத்தையொட்டி நாம் ஒலிபரப்பிய நிகழ்ச்சி முடிந்த கையோடு ஒரு நேயர் தொலைபேசியில் வந்தார். "அண்ணை, தமிழ்நாட்டிலை ஒரு மலைக்கு 1976இலைதான் சுதந்திரம் கிடைச்சதெண்டு சொல்லுகினம். உண்மையோ?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. கணக்காளன் என்ற பழக்கத்தில், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பார்த்ததைத்தான் இந்த மாத உரையில் சொன்னேன். அதன் எழுத்து வடிவம் இது.

மலை என்றதும் இலங்கைத் தமிழரான எங்களுக்கு மனதில் வருவது மலையகமும் தேயிலையும்தான். இது வேறு மலை. சேலத்துக்குக் கிழக்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, கடல் மட்டத்திலிருந்து 2,000 முதல் 4,000 அடி வரை உயர்ந்து கிடப்பது கல்வராயன் மலை. வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும் தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் சொல்வார்கள். கோமுகி ஆறு இங்கேதான் பிறக்கிறது. சாமை, தினை, கேழ்வரகு (நாங்கள் குரக்கன் என்போமே, அதுதான்) விளையும் மேட்டு நிலம். பின்னாளில் மரவள்ளியும் வந்து சேர்ந்தது. காட்டில் தேனும் கடுக்காயும் எடுப்பார்கள்.

அங்கே வாழ்பவர்களின் பெயர் மலையாளி. கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் தெய்வத்தைப் பின்தொடர்ந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டதாகவும், பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சை மலைக்கும், சின்னண்ணன் கொல்லி மலைக்கும் போனதாகவும் அவர்களிடையே ஒரு கதை உண்டு. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூல் தொகுதியிலும் இக்கதை இருக்கிறது. 2011 குடிசன மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் மிகப் பெரிய பிரிவினர் இவர்களே. தொகை சுமார் மூன்றரை இலட்சம்.

இனி நேயரின் கேள்விக்கு வருவோம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த கல்வராயன் பகுதி மூன்று ஜாகிர்களாகப் பிரிந்து கிடந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்பவை அந்த ஜாகிர்களின் பெயர்கள். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் காலத்தில் வழங்கப்பட்டவை என்பது வழிவழியாக வரும் செய்தி. பிரித்தானியர் வந்தபோது மலைத் தலைவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த ஜாகிர்தார்களும் வெளியார் அல்லர், அதே மலையாளிக் குடியினர்தான். ஆனால் நிலம் அவர்களுடையது, வரி அவர்களுக்கு, வழக்குத் தீர்ப்பதும் அவர்களே. உழுபவன் தன் விளைச்சலில் பங்கு கொடுத்ததோடு, ஜாகிர்தாரின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்கவும் வேண்டும். அதற்கு வெட்டி என்று பெயர். நாங்கள் இன்று 'வெட்டி வேலை' என்று விளையாட்டாகச் சொல்கிறோமே, அந்தச் சொல் ஒரு காலத்தில் சுமந்த பாரம் இதுதான்.

1947இல் டில்லியில் கொடி ஏறியது. 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. சமவெளியில் பெரிய பெரிய ஜமீன்கள் எல்லாம் போயின. மலைமேல் ஜாகிர் போகவில்லை. 1950இல் அரசியலமைப்பு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. மலைமேல் வெட்டி நிற்கவில்லை. கடைசியில் 1976 யூன் 25ஆம் திகதிதான் ஜாகிர் முறை நீக்கப்பட்டு மலை அரசின் நேரடி நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1947 ஓகஸ்ட் 15 முதல் அந்த நாள் வரை கணக்குப் பார்த்தேன்: 28 ஆண்டுகள், 10 மாதங்கள், 10 நாட்கள். நாட்களாகச் சொன்னால் 10,542.

இந்தத் திகதியை இன்னொரு தடவை பாருங்கள். இந்திரா காந்தி அம்மையார் அவசரநிலையைக் கொண்டுவந்தது 1975 யூன் 25. சரியாக ஓராண்டு. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31இல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி. நாட்டின் மற்றவர்கள் உரிமை இழந்திருந்த நேரத்தில் இந்த மலை மக்கள் முதன்முதலாக உரிமை பெற்றார்கள். அவசரநிலையை நான் ஒருபோதும் நியாயப்படுத்தியவனல்லன். ஆனாலும் கல்வராயனில் ஒரு முதியவர் அந்த ஆண்டை நல்ல ஆண்டு என்று சொன்னால் அவருடன் வாதிட எனக்கு வாய் வராது.

ஜாகிர்தார் போன பிறகு மலையாளி எதிர்கொண்டது வனத்துறையை. இதை விளங்கிக்கொள்ள எங்கள் வீட்டு வாசலையே பார்க்கலாம். எல்லிங்ஸ்ருட்டிலிருந்து சில நிமிடம் நடந்தால் ஒஸ்த்மார்க்கா காடு. ஓகஸ்டில் பிள்ளைகளோடு போய் வாளி நிறைய நீலப்பழம் பறித்து வருகிறோம், காளான் எடுக்கிறோம். யாரும் எங்களிடம் அனுமதிச் சீட்டுக் கேட்பதில்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டம் காட்டில் நடக்கும் உரிமையை எல்லோருக்கும் எழுதி வைத்திருக்கிறது, நேற்று வந்த எங்களுக்கும் சேர்த்துத்தான். தலைமுறை தலைமுறையாகக் காட்டிலேயே இருந்த மலையாளிக்கோ காடு அரசின் சொத்து, அவர் அதில் நுழைந்தவர்.

அதன் விளைவு எதுவரை போனது என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. கல்வராயனுக்கு அருகில் உள்ள சித்தேரி மலையின் அடிவாரத்தில், தருமபுரி மாவட்டத்தில் இருக்கும் மலையாளிக் கிராமம் அது. 1992 யூன் 20ஆம் திகதி, சந்தனமரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சேர்ந்து புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். ஊராரை அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரச ஊழியர்கள் 269 பேர். தீர்ப்பு வந்தது 2011 செப்டெம்பர் 29இல். அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டது. மேல்முறையீட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டெம்பர் 29. முப்பத்தோராண்டு. அந்தப் பெண்கள் சாட்சி சொல்வதை இடையில் விட்டுவிடவில்லை என்பதை நாம் சொல்லாமல் போகக்கூடாது.

மலையில் வருமானம் போதாமல் கூலிக்கு இறங்குபவர்களைச் செம்மரம் வெட்ட அழைத்துப் போகும் தரகர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7இல் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் அதிகமானோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள்.

காட்டில் வாழ்பவருக்கு நில உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006இல் இந்தியப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. தமிழ்நாட்டிலோ 2008இல் உயர் நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடையால் பட்டா வழங்குவது நின்றது. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. பிந்தி வருவது இந்த மக்களின் கணக்கில் ஒரு நிரந்தரப் பதிவு போலிருக்கிறது.

பட்டியல் விடயம் இன்னும் விசித்திரம். 1976இல் திருத்தப்பட்ட பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்பதோடு தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்களின் பெயரும் சேர்த்து எழுதப்பட்டது. கோயம்புத்தூர் அதில் இல்லை. 1979இல் கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு பிரிந்தது. அங்கே பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அதே மொழி, அதே குலம், அதே தெய்வம். ஆனால் பட்டியலில் இல்லாத மாவட்டத்தில் வாழ்வதால் அவர்கள் பழங்குடி ஆகவில்லை. ஒரு பேரேட்டில் ஒரு வரி விடுபட்டால் திருத்தப் பத்து நிமிடம் போதும் என்று என் தொழில் எனக்குச் சொல்லித் தந்தது. இந்த வரிக்காக அவர்கள் பல பத்தாண்டுகளாக மனுக் கொடுத்து வருகிறார்கள்.

1980களில் பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த எங்கள் ஆட்களுக்கு சாமி மக்களைத் தெரியும். நோர்வேஜிய மொழி பேசவும் எழுதவும் வாசிக்கவும் தெரிந்தவருக்கே அங்கே அரச நிலம் விற்கலாம் என்று 1902இல் சட்டம் இருந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மாகாணத்தின் ஏறத்தாழ 95 வீத நிலத்தை அரசிடமிருந்து எடுத்து, சாமி பாராளுமன்றமும் மாகாண சபையும் சமமாக உறுப்பினரை நியமிக்கும் ஓர் அமைப்பிடம் கொடுத்தது. இங்கும் நூறாண்டு எடுத்தது.

2024 யூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது கல்வராயனின் பெயர் மீண்டும் செய்திகளில் அடிபட்டது, சாராயம் காய்ச்சும் மலை என்று. அதன் பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் அம்மக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானாகவே ஒரு வழக்கை எடுத்தது. வீதி, மருத்துவம், பள்ளிக்கூடம் என்று நீதிபதிகள் கேட்ட கேள்விகளைப் பத்திரிகையில் வாசித்தபோது, ஜாகிர் நீங்கி 48 ஆண்டுகள் கழிந்துவிட்டன என்பதை ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன்.

தொலைபேசியில் வந்த நேயரே, நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான்.